அத்தை வார்னிஷ் அடித்த நாள்

என் மாமாவிடம் பன்னிரண்டு கப்பல்கள் இருந்தன. ஒன்றும் தண்ணீரில் போகாது.

புதுப்பட்டினத்தில் கப்பல் என்றால் எல்லாரும் கடல் பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள். இவை வானத்தில் போகிறவை. அதாவது, போவதாக நாம் வைத்துக்கொள்ள வேண்டும். பெரியது ஒரு சாண். சின்னது என் சுண்டுவிரல்.

மாமா அம்மாவின் தம்பி. சிறுசேரியில் சாப்ட்வேர் ஆபீஸ். எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஷீட் போட்ட அறையில் இருந்தார். காலையில் ஆபீஸ் பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகும், இருட்டியதும் கொண்டுவந்து விடும். சனி, ஞாயிறு முழுக்கக் கப்பல்தான்.

ஆபீஸில் அவரைப்போல நாலைந்து பேர். அதில் ஒருவர் வீட்டில் ஒரு மெஷின் இருந்தது. அதிலிருந்து கப்பல்கள் பிளாஸ்டிக்கில் அச்சாகி வரும், சாம்பல் நிறத்தில், மொட்டையாக. அவரவர் கப்பலுக்கு அவரவர்தான் பெயின்ட் அடிக்க வேண்டும். மாதத்தில் ஒரு ஞாயிறு யாராவது ஒருவர் பிளாட்டில் கூடுவார்கள். சாப்பாட்டு மேஜைமேல் கறுப்புத் துணி விரித்து, பகடை உருட்டி, டேப் வைத்து அளந்து, கப்பலை நகர்த்திச் சண்டை போடுவார்கள். தோற்றவர் பிரியாணி வாங்கித் தர வேண்டும். மாமா அடிக்கடி வாங்கித் தந்தார். சண்டையில் அவருக்கு அவ்வளவு நாட்டமில்லை. பெயின்ட் அடிப்பதும் படம் எடுப்பதும்தான்.

வீட்டில் யாருக்கும் இது பிடிபடவில்லை. அம்மா, "கல்யாணம் பண்ற வயசுல சொப்பு வெச்சி வெளாடிகினு கீறான்" என்பாள். அப்பா கல்பாக்கம் டவுன்ஷிப்புக்குத் தண்ணீர் கேன் போடுகிறவர். வண்டியை நிறுத்திவிட்டு வந்ததும் மேலே பார்த்துக் கேட்பார்.

"இன்னா மச்சான், ராக்கெட்டு என்னிக்கி வுடப்போற? சொன்னா நாங்க வூட்ட காலி பண்ணிகினு போயிடறோம்."

"இன்னும் டீசல் ரொப்பல மாமா" என்று மேலேயிருந்து பதில் வரும்.

எனக்கு அப்போது பத்து வயது. பள்ளிக்கூடத்தில் எதுவும் சரியாக வராது. மாமா எனக்கு ஒன்றும் சொல்லிக்கொடுத்ததில்லை. போ என்று சொல்லவில்லை, அவ்வளவுதான். நான் அவர் மேஜைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். ஒரு வருஷம் உட்கார்ந்த பிறகு பெயின்ட் டப்பா மூடியைத் திறந்து தரச் சொன்னார். கண்மை டப்பா அளவில் இருக்கும். அதற்குப் பிறகு கப்பல் நிற்கிற தாங்கிக்குக் கறுப்பு அடிக்கச் சொன்னார். கப்பலைத் தரவில்லை. தாங்கி மட்டும்.

கப்பலில் பிரஷ் வைக்கிறபோது பேச மாட்டார். பிரஷ் நுனியை நாக்கில் வைத்துக் கூராக்குவார். அதனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர் நாக்கு என்ன நிறமோ அதுதான் அந்த வாரக் கப்பலின் நிறம். பெரும்பாலும் நீலம். நானும் தாங்கிக்கு அடிக்கிற பிரஷ்ஷை நக்கினேன். என் நாக்கு எப்போதும் கறுப்பு.

படம் எடுக்கிற நாள்தான் என் நாள். கறுப்பு சார்ட் பேப்பரின்மேல், வெள்ளை தொட்ட பழைய டூத் பிரஷ்ஷை விரலால் சுண்டினால் நட்சத்திரம் விழும். அந்தச் சார்ட்டைச் சுவரில் ஒட்டுவார். துணி காயப்போடும் கம்பியிலிருந்து தங்கூசியில் கப்பலைத் தொங்கவிடுவார். மீன் பிடிக்கிற நரம்பு அது, படத்தில் தெரியாது. பிறகு ஜன்னலை அடைத்துவிட்டு ஒரே ஒரு டார்ச். சூரியன் ஒன்றுதான், அதனால் வெளிச்சம் ஒரு பக்கமிருந்துதான் வர வேண்டும் என்பது அவர் கணக்கு. அந்த டார்ச்சை நான் பிடிப்பேன். சூரியன் நான்தான்.

மூச்சு விட்டால் கப்பல் ஆடும். அதனால் மாமா போனைக் கையில் எடுத்ததும் நான் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். அந்த நேரத்தில் அறையில் எங்கள் இரண்டு பேரைத் தவிர யாரும் இல்லை. படம் விழுந்ததும் அவர் "ம்" என்பார். நான் மூச்சு விடுவேன். இதைப்போல எனக்கு வேறு எதுவும் அந்த வயதில் கிடைக்கவில்லை.

இன்னொரு விஷயமும் எனக்குத் தெரியும். வார்னிஷ். பெயின்ட் காய்ந்ததும் கப்பல்மேல் வார்னிஷ் ஸ்பிரே அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் கை பட்டுப்பட்டு உரிந்துவிடும். ஆனால் காற்றில் ஈரம் இருக்கும்போது அடித்தால் வார்னிஷ் காய்கிறபோது வெள்ளை பூத்துவிடும், உப்பு பூத்த சுவர் மாதிரி. கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு எந்த நாளில் ஈரம் இல்லை? மாமா அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். மத்தியானச் சாப்பாட்டில் ஓர் அப்பளத்தைத் தின்னாமல் தட்டோரமாக வைப்பார். சாப்பிட்டுக் கை கழுவுகிறபோது அது மொறுமொறுவென்று உடைந்தால் அன்றைக்கு வார்னிஷ். நமுத்திருந்தால் கிடையாது. அம்மா, "அப்பளத்த கேட்டுட்டுத்தான் அய்யா வேல செய்வாரு" என்பாள். மாமாவும் நானும் மட்டும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம்.

நான் இப்போது கருங்குழியில் லாரிகளுக்கு ஸ்பிரே அடிக்கிறேன். பத்தாவதோடு நின்றுவிட்டேன். இதையெல்லாம் யாரிடமும் சொன்னதில்லை.

பிறகு மாமாவுக்குக் கல்யாணம் ஆனது. அத்தைக்கு மதுராந்தகம் பக்கம். காலேஜ் முடித்தவள், வேலை தேடிக்கொண்டிருந்தாள். மாடி அறைக்கு வந்தாள்.

"இனிமே சும்மா சும்மா மேல ஏறாத. கதவ தட்டிட்டு போ" என்றாள் அம்மா.

நான் ஒரு வாரம் போகவே இல்லை. கூப்பிடட்டும் என்று இருந்தேன். யாரும் கூப்பிடவில்லை. அடுத்த சனிக்கிழமை போய்த் தட்டினேன். என் ஸ்டூலில் அத்தை உட்கார்ந்திருந்தாள்.

"வாடா, வாடா" என்று கட்டிலில் இடம் காட்டினாள். கட்டிலிலிருந்து மேஜை தெரியாது. மாமா முதுகுதான் தெரியும்.

அத்தை கெட்டவள் இல்லை. அதுதான் பெரிய தொல்லை. எனக்குத் தேன்மிட்டாய் வாங்கி வைப்பாள். நான் அதை அவள் எதிரில் தின்ன மாட்டேன், வெளியே போய்த் தின்பேன். மாமா புதிதாக வெள்ளி நிறம் அடித்த ஒரு கப்பலைக் காட்டியபோது, "அய்ய, இது வஞ்சரமீன் மாதிரி கீதுங்க" என்றாள். மாமா சிரித்தார். சத்தமாக. இரண்டு வருஷம் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து நான் அவரை ஒரு தடவை சிரிக்க வைத்ததில்லை. அன்று இரவு படுக்கையில் கப்பல்களை வேறு எந்தெந்த மீன்களோடு சேர்க்கலாம் என்று யோசித்தேன். சங்கரா, காரப்பொடி. மறுநாள் சொல்லிப் பார்த்தேன். மாமா "ம்" என்றார்.

அவளுக்கு மருதாணி போடத் தெரியும். கோன் பிடித்துப் பழகிய கை. ஒரு நாள் மாமா விளையாட்டாகக் கையில் பிரஷ்ஷைக் கொடுத்தார். அவள் ஒரு கோடு இழுத்தாள். முடி மாதிரி ஒரே சீராக வந்தது. மாமா அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு அலமாரியிலிருந்து புதிதாக வந்த பெரிய கப்பலை, அந்தச் சாண் நீளக் கப்பலை, எடுத்து அவளிடம் கொடுத்தார்.

எனக்குத் தாங்கி. அவளுக்குக் கப்பல். வந்து மூன்று மாதம்.

அவள் அதைச் சிவப்பில் செய்தாள். உடம்பு முழுக்கப் பொன்னிறக் கோடு, கொடி கொடியாக. அத்தை நாக்கும் சிவந்தது. சாப்பிடுகிறபோது மாமா நாக்கை நீட்டி நீலத்தைக் காட்டுவார், அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிவப்பைக் காட்டுவாள். நான் என் வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டேன்.

டார்ச்சும் அவள் கைக்குப் போனது. அவள் மூச்சைப் பிடிக்கவே இல்லை. சாதாரணமாக மூச்சு விட்டாள், பேசவும் செய்தாள், கப்பல் ஆடவில்லை. அது எப்படி என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மார்கழி முடிகிற நேரம். இன்டர்நெட்டில் மாமா இருந்த குழுவில் படப்போட்டி வைத்தார்கள். ஒருவர் தன் கப்பற்படை முழுவதையும் ஒரே படத்தில் காட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கடைசி நாள். மாமா இரண்டு மாதமாக அதற்குத்தான் வேலை செய்தார். வெள்ளிக்கிழமை பன்னிரண்டாவது கப்பல் முடிந்தது. பன்னிரண்டுக்கும் சேர்த்து வார்னிஷ் அடிப்பது மட்டும் பாக்கி.

சனிக்கிழமை காலையில் ஆபீஸிலிருந்து போன் வந்தது. ஏதோ அவசரம். மாமா சட்டை மாட்டிக்கொண்டே இறங்கினார். அத்தை குளித்துக்கொண்டிருந்தாள். கேட்டருகில் என்னைப் பார்த்துச் சொன்னார்.

"டேய், அத்தைகிட்ட சொல்லிடு. ஈரக்காத்தா கீது, வார்னிஷ் இன்னிக்கி வேணாம். நாளிக்கி வெயில பாத்துகினு நானே அடிக்கறேன்."

"சரி மாமா."

சொல்லத்தான் நினைத்தேன். அத்தை குளித்துவிட்டு வந்தாள், தலை துவட்டினாள், அம்மாவிடம் போனாள். காய் நறுக்கட்டுமா என்று கேட்டாள். அம்மா அடுப்பங்கரையில் யாரையும் விட மாட்டாள். "நீ போய் உக்காரும்மா, நான் பாத்துக்கறேன்" என்றாள். அத்தை கொஞ்ச நேரம் நின்றாள், மாடிக்குப் போனாள். அப்போதும் நான் சொல்லவில்லை. பிறகு சொல்லலாம் என்று இருந்தேன். மத்தியானம் என் தட்டில் இருந்த அப்பளம் துணி மாதிரி மடங்கியது.

மூன்று மணி இருக்கும். அத்தை மாடிக் கைப்பிடிச் சுவரின்மேல் பேப்பர் விரித்துக் கப்பல்களை வரிசையாக வைத்திருந்தாள். கையில் ஸ்பிரே டப்பா. நான் துணி எடுக்கப் போயிருந்தேன். துணி காயவில்லை.

"டேய், இங்க வா. பாவம் உங்க மாமா, வந்து எப்போ அடிச்சி எப்போ காயறது. நாமளே முடிச்சி வெச்சிடலாமா? இப்ப அடிக்கலாமா? உனக்குத்தான் தெரியும்."

வெயில் இருந்தது, மங்கலாக. கடல் பக்கம் வெள்ளையாக இருந்தது. எனக்குத்தான் தெரியும்.

"அடிங்க" என்றேன்.

"மாமா ஒண்ணும் சொல்லலையே?"

"ஒண்ணும் சொல்லல."

அவள் தன் சிவப்புக் கப்பலை முதலில் எடுத்தாள். தன்னுடையதில் சரியாக வந்தால்தான் மற்றதைத் தொடுவேன் என்றாள். புதுக் கை. கொஞ்சம் அதிகமாகவே அடித்துவிட்டாள். ஈரத்தில் சிவப்பு அப்படி ஒரு சிவப்பாக மின்னியது. வெள்ளை உடனே வராது. காய்கிறபோதுதான் வரும். இதுவும் எனக்குத் தெரியும்.

"நல்லா வந்துகீதுல்ல?" என்றாள்.

"ம்" என்றேன். மாமா மாதிரி.

நான் நினைத்தது அந்த ஒரு கப்பல்தான். அது பூத்துப்போகட்டும், அவ்வளவுதான். ஆனால் அத்தை டப்பாவை ஆட்டிக்கொண்டு அடுத்ததற்குப் போனாள். மாமாவின் நீலம். அடுத்தது வெள்ளி. நிறுத்துங்க என்று ஒரு வார்த்தை. வாய் வரவில்லை. இப்போது சொன்னால், முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்பாள். ஒவ்வொரு கப்பலுக்கும் அதே யோசனை. பன்னிரண்டும் முடிந்தது. நான் காயாத துணியை மடித்துக்கொண்டு கீழே வந்துவிட்டேன்.

அரைமணி நேரம் கழித்து மேலேயிருந்து என்னைக் கூப்பிட்டாள். போகவில்லை. மறுபடி கூப்பிடவில்லை.

மாமா ஐந்து மணிக்கு வந்தார். நானும் பின்னாலேயே போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. பன்னிரண்டும் வெள்ளை. உப்பளத்தில் உருட்டி எடுத்த மாதிரி. நீலம் எது, வெள்ளி எது என்று தெரியவில்லை. அத்தை ஒரு பழைய துணியால் ஒன்றைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். துடைத்துப் போகிற வெள்ளை இல்லை அது.

மாமா கத்தவில்லை. அவர் கத்தவே மாட்டார். ஒரு கப்பலை எடுத்துத் திருப்பிப் பார்த்து வைத்தார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"அத்தைகிட்ட சொன்னியாடா?"

"சொன்னேன்" என்றேன்.

அத்தை என்னைப் பார்த்தாள். நான் கப்பலைப் பார்த்தேன்.

"சொன்னான்ங்க. நான்தான் கேக்கல. காஞ்சிடும்னு நெனச்சிட்டேன்" என்றாள்.

அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று எனக்கு விளங்கவில்லை. படபடப்பில் மறந்திருப்பாள், நான் சொன்னதாகவே நம்பிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு நிம்மதியாக இருந்தது. கொஞ்சம் இளப்பமாகவும் இருந்தது. இதைக்கூட ஞாபகம் வைத்துக்கொள்ளத் தெரியாதவள் கையிலா பிரஷ்ஷைக் கொடுத்தார் என்று.

"சொல்லியுமா?" என்றார் மாமா. அவ்வளவுதான் கேட்டார்.

அவர் போனில் எதையெதையோ தேடிப் படித்தார். ஞாயிற்றுக்கிழமை கல்பாக்கம் போய்ப் பளபளப்பு வார்னிஷ் வாங்கி வந்தார். நல்ல வெயில். வெள்ளையின்மேல் அதை அடித்ததும் நிறம் மெல்லத் திரும்பியது, தண்ணீரில் நனைத்த கூழாங்கல் மாதிரி. பதினோரு கப்பல்கள் திரும்பிவந்தன. அத்தையின் சிவப்பு மட்டும் வரவில்லை. அதில்தான் அதிகம் அடித்திருந்தாள். பொன் கோடெல்லாம் பாலுக்கு அடியில் போன மாதிரி இருந்தது.

சார்ட் ஒட்டியாயிற்று. பதினொன்றையும் தங்கூசியில் மேலும் கீழுமாகத் தொங்கவிட்டாயிற்று. நடுவில் சிவப்புக்காக விட்டிருந்த இடத்தில் மாமா ஒரு நீலத்தை நகர்த்தினார். ஜன்னலை அடைத்தார். டார்ச்சை எடுத்து, பார்க்காமலேயே, அத்தை பக்கம் நீட்டினார்.

"அவனே புடிக்கட்டும். எனக்குச் சரியா வராது" என்று அத்தை அதை என் கையில் வைத்தாள். ஸ்டூலை நகர்த்திப் போட்டாள். வெளியே போய்க் கதவைச் சாத்தினாள்.

நான் உட்கார்ந்தேன். மூச்சைப் பிடித்தேன். பதினொன்றில் ஒன்றும் ஆடவில்லை. மாமா "ம்" என்றார். அறையில் நாங்கள் இரண்டு பேர்தான். நான் கேட்டது அதுதான், கிடைத்துவிட்டது. என்ன காரணமோ, மூச்சை விட்டதும் சாத்தியிருந்த கதவைத்தான் பார்த்தேன். பரிசு கிடைக்கவில்லை. இவ்வளவு பளபளப்பாகக் கப்பல் இருக்காது என்று யாரோ எழுதியிருந்தார்களாம்.

அதற்குப் பிறகு அத்தை பிரஷ்ஷைத் தொடவில்லை. மாமா இரண்டு தடவை கூப்பிட்டார். "வேணாங்க" என்றாள். மூன்றாவது தடவை அவர் கூப்பிடவில்லை. சாப்பிடும்போது நாக்கை நீட்டிக் காட்டுவதும் நின்றது. எங்கள் வீட்டில் மாமா வாய் திறந்து பேசுவதே மேலே அந்தப் பெயின்ட் மேஜையில், பிரஷ்ஷைக் கீழே வைத்த நேரத்தில்தான். கீழே வந்தால் அப்பாவுக்கு ஒரு பதில், அம்மாவுக்கு ஒரு பதில், அவ்வளவுதான். நான் அதை அப்போது இப்படிக் கோத்துப் பார்க்கவில்லை. அந்தச் சித்திரை மாதம் அவர்கள் சிறுசேரிப் பக்கம் வாடகைக்குப் போகும்வரை, ஒவ்வொரு சனி ஞாயிறும் நான் பள்ளிக்கூட மணி அடித்த மாதிரி மேலே போய்விடுவேன்.

அப்படிப் போகிறபோதெல்லாம் அத்தை மாடிப்படியில் உட்கார்ந்திருப்பாள். கீழே அடுப்பங்கரையில் அம்மா. மேலே மாமாவும் மேஜையும். இவள் நடுப்படியில், முழங்காலைக் கட்டிக்கொண்டு, கையில் போன் இருக்கும், பார்க்க மாட்டாள். மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் இவளுக்கு இங்கே என்ன வேலை என்று எனக்கு எரிச்சலாக வரும். இருக்கிறதே குறுகல் படி.

"நவுருங்க அத்த" என்பேன்.

அவள் காலை ஒடுக்கிக்கொண்டு சுவரோடு சாய்வாள். நான் தாண்டிப் போவேன்.